மூன்று முழத் தூரம்

நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் கதாநாயகி ஏற்காட்டு ஏரியில் படகில் போய்க்கொண்டிருக்கிறாள். கரையில் வில்லன் நிற்கிறான். இருவருக்கும் நடுவே நூறு கஜம் தண்ணீர். அவள் கைப்பையைத் திறக்கிறாள். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சின்னஞ்சிறு பிஸ்டலை எடுக்கிறாள். ஒரே ஒரு முறை சுடுகிறாள். வில்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான். தொடரும்.

அந்த வாரம் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் கதாநாயகியின் தீரத்தைப் புகழ்ந்தே எழுதப்பட்டிருந்தன. ஒரே ஒரு தபால் கார்டு மட்டும் வேறு மாதிரி. ஏற்காட்டிலிருந்து வந்தது. "ஐயா, தங்கள் கதாநாயகி சுட்ட தோட்டா வில்லன்மேல் பட்டிருக்க நியாயமில்லை. எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் திக்கில் எங்கள் காப்பித் தோட்டம் இருக்கிறது. அடுத்த முறை சுடுவதாயிருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும். நேரில் வந்தால் கணக்கை விளக்குகிறேன். காப்பி நன்றாக இருக்கும்."

பாராட்டுக் கடிதங்களை மறந்துவிட்டேன். இந்தக் கார்டை மறக்க முடியவில்லை. எழுத்தாளனுக்குச் சுளுக்குப் பிடிப்பது எப்போதும் இப்படிப்பட்ட கார்டினால்தான். ஒரு சனிக்கிழமை புறப்பட்டுப் போனேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை தொடங்குவதற்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு வரும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த கம்பெனி அது. இப்போது அங்கே படம் எடுப்பதில்லை. வளைவு மட்டும் நிற்கிறது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கரின் துப்பறியும் படங்கள் வந்தது இந்தக் கம்பெனியிலிருந்துதான். என் தலைமுறையைச் சேர்ந்த பலருக்குத் துப்பாக்கியைப் பற்றிய ஞானம் முழுவதும் வந்தது அந்தத் திரையிலிருந்து. ஓடுகிற காரிலிருந்து ஒரு கை வெளியே நீளும். 'டுமீல்' என்று ஒரு சத்தம். எங்கேயோ ஒருவன் உருளுவான். என் கதாநாயகியும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். பஸ் வளைவைத் தாண்டியபோது என் குருகுலத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என் தன்னம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கார்டு எழுதியவர் எழுபது வயதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். நடுவே ஓடு வேய்ந்த பழைய பங்களா. காப்பி, கார்டில் சொன்னபடியே நன்றாக இருந்தது. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைத் தரையில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்க ஸார். துப்பாக்கிக் குழலின் நுனியிலே ஒரு சின்ன முனை இருக்கும். பின்னாலே ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு நடுவே முனை தெரியணும். அப்போதான் குறி சரி. பெரிய ரைபிளிலே இந்த ரெண்டுக்கும் நடுவே முழங்கை நீளம் இருக்கும். கைப்பையிலே வைக்கிற பிஸ்டலிலே எவ்வளவு இருக்கும்? நாலு அங்குலம். அதாவது பத்து சென்டிமீட்டர். கை நடுங்கி முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும்?"

கணக்கு சுலபம். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று. நூறு கஜத்தில் ஒரு கஜம் விலகும். இது, கை ஒரே ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால். என் கதாநாயகியோ ஆடுகிற படகில் இருக்கிறாள், பயந்து போயிருக்கிறாள், போன அத்தியாயத்தில் அழுதும் இருக்கிறாள்.

"அவளை நூறு கஜத்திலே நிறுத்தினீங்களே, மூணு கஜத்திலே நிறுத்தியிருந்தா ஒரு அங்குலம்தான் விலகியிருக்கும். உங்க வில்லனும் செத்திருப்பான், எங்க தோட்டமும் பிழைச்சிருக்கும்" என்றார்.

இந்த வாக்கியத்தை அப்போது நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் வேறொரு விஷயம் இருந்தது ராத்திரிதான் தெரிந்தது.

"நேராகச் சுட்டே பார்த்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடுமே" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். அவரிடம் இருந்தது தோட்டத்துக்கான பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றுதான். லைசன்ஸ் அவர் பேரில். "1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்னு ஒண்ணு இருக்கு ஸார். உங்க கையிலே அதைக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் வம்பு. பிஸ்டல் எங்கிட்டே கிடையாது, வேணவும் வேணாம். ஆனா பிஸ்டலை எப்படிச் சோதிக்கணும்னு நிறையப் படிச்சிருக்கேன். மழைக்காலத்திலே இங்கே வேறே என்ன வேலை?"

அவர் சொன்ன இரண்டு சோதனைக் கதைகளை வாசகர்களும் கேட்கவேண்டும்.

முதலாவது, 1904-இல் நடந்தது. எந்த அளவுத் தோட்டா நல்லது என்று கண்டுபிடிக்க அமெரிக்க ராணுவம் இரண்டு அதிகாரிகளை நியமித்தது. ஒருவர் தாம்ப்ஸன், மற்றவர் லா கார்ட் என்ற வைத்தியர். இவர்கள் சிகாகோ நகரத்து மாட்டுக் கிடங்குகளுக்குப் போய், பல அளவுத் தோட்டாக்களால் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். பிறகு, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான '45' அளவுக்குக் குறைந்த தோட்டா ராணுவத்துக்கு ஆகாது என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் ஒரு மாட்டுக்குக் குண்டு பட்டது நுரையீரலில், இன்னொன்றுக்குக் குடலில். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சுட்ட மாடுகளும் சிலவே. இதில் எதை எதோடு ஒப்பிடுவது? முடிவு ஒருவேளை சரியாகவே இருக்கலாம், பரீட்சை சரியில்லை. விடைத்தாளைத் திருத்தாமலே மார்க் போட்ட வாத்தியாருக்கும், போட்ட மார்க் சில சமயம் சரியாக அமைந்துவிடுவதுண்டு அல்லவா?

இரண்டாவது, 1911 மார்ச்சில் நடந்தது. அதே ராணுவத்துக்காக கோல்ட் கம்பெனிப் பிஸ்டலுக்கும் சாவேஜ் கம்பெனிப் பிஸ்டலுக்கும் போட்டி. ஒவ்வொன்றிலும் ஆறாயிரம் தோட்டாக்கள் சுட்டார்கள். நூறு சுட்டதும் ஆறவிட வேண்டும். ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதி. சாவேஜ் 37 தடவை மக்கர் பண்ணியது. ஜான் பிரவுனிங் என்பவர் அமைத்த கோல்ட், ஒரு தடவைகூட நிற்கவில்லை. மார்ச் 29-ஆம் தேதி அதை ராணுவம் ஏற்றுக்கொண்டது. இதை யாரும் குறை சொல்ல முடியாது. கேள்வி ஒன்று, விதி ஒன்று, கணக்கும் ஒன்று.

"காப்பியை ருசி பார்க்கிறவங்க செய்யறதும் இதுதான்" என்றார் பெரியவர். எல்லாக் கோப்பையிலும் ஒரே எடைத் தூள். ஒரே அளவு வெந்நீர். ஒரே நிமிஷம் ஊறவேண்டும். எந்தக் கோப்பை எந்தத் தோட்டத்துடையது என்று ருசி பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். அவர் தோட்டத்துக் காப்பியை அவரே ருசி பார்த்தால் அது எப்போதும் முதல் பரிசுதானாம். நம்முடைய புஸ்தக விமர்சனங்களை நினைத்துக்கொண்டேன். சிநேகிதர் எழுதிய நாவலுக்கு ஒரு தராசு, பிடிக்காதவர் எழுதிய நாவலுக்கு இன்னொரு தராசு. காப்பிக்காரர்கள் நம்மைவிட யோக்கியர்கள்.

சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகும் சிறு பிஸ்டல்களை ஒப்பிடுகிறவர்கள் செய்யும் தவறுகளையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பெனி பொறுக்கி அனுப்பிய புதுச் சாமானை வாங்கிச் சோதிக்கிறார்கள்; கடையில் வாங்கியதையல்ல. ஒரு பிஸ்டலுக்கு ஒரு பெட்டித் தோட்டா, இன்னொன்றுக்கு வேறு பெட்டி. களைப்பில்லாத காலை நேரத்தில் ஒன்று. கை சோர்ந்த பிறகு மற்றொன்று. பத்துக் குண்டில் நன்றாகப் பட்ட ஐந்தை எண்ணிக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக மூச்சை அடக்கி, அசையாத காகித வட்டத்தைச் சுடுவது. மறைத்து வைக்கவென்றே செய்த சாமானை மறைக்காமல் வைத்துச் சோதிப்பது என்ன நியாயம்? மீனை மரம் ஏறச் சொல்லிப் பரீட்சை வைப்பது மாதிரிதான்.

"அப்படியானால் மறைத்து வைத்துத்தான் பார்ப்போமே" என்றேன். இதற்கு லைசன்ஸ் வேண்டியதில்லை.

துணிப் பைகளில் மணலை நிரப்பி, தோட்டத்துத் தராசில் நிறுத்து, ஐந்து மூட்டைகள் தைத்தோம். பெல்ஜியத்துக் குட்டிப் பிரவுனிங்கின் எடைக்கு 275 கிராம். கான்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் 2014-இல் வந்த 'நிர்பீக்' ரிவால்வருக்கு 500. ஜெர்மன் வால்தர் பி.பி.கே.க்கு 590. இத்தாலியப் பெரெட்டா 1934 மாடலுக்கு 660. போட்டியில் ஜெயித்த பெரிய கோல்ட்டுக்கு 1,100. மணல் மூட்டை பிஸ்டலாகாது. அதற்கு மூக்கும் முனையும் இல்லை. ஆனாலும் எடை என்ற ஒரே ஒரு கேள்விக்கு அது பதில் சொல்லும்.

நான் ஒரே கதர் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, கேட்டிலிருந்து திண்ணைப் படிவரை நடந்து வரவேண்டும். எந்த மூட்டை எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். சில சீட்டுகள் வெறும் சீட்டு. அப்போது ஜேபி காலி. நீதிபதி, பெரியவர் வீட்டுச் சமையற்காரம்மா. மூட்டையில் என்ன இருக்கிறது, எதற்கு இந்தக் கூத்து என்று அந்த அம்மாளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'ஜேபியில் கனம் இருக்கிறதா, இல்லையா?' இது ஒன்றுதான் கேள்வி. இருபது தடவை நடந்தேன். தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன், "என்னங்க ஸார் பாக்கெட்டிலே, பேரிக்காயா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

முடிவைச் சொல்கிறேன். 1,100 கிராம் மூட்டையை அந்த அம்மாள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. ஜிப்பாவே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. 275 கிராம் மூட்டையை ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கே அது இருப்பது மறந்துபோயிற்று. நடுவிலிருந்த மூன்றும் ஒரே ரகம். சில தடவை கண்டுபிடித்தாள். சில தடவை இல்லை. 590-க்கும் 660-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பிஸ்டல் பிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் நீதிபதியின் முன்னால் அந்த வித்தியாசம் செல்லுபடியாகவில்லை.

ஆனால் கடைசியில் அந்த அம்மாள் சொன்னது எங்கள் கணக்கில் இல்லாத விஷயம். "நான் மூட்டையைப் பார்க்கலைங்க. உங்க கையைப் பார்த்தேன். உள்ளே ஏதாச்சும் இருந்தா கை அங்கேயே போகுதுங்க. ஒரு தடவை காலியா வந்தப்பவும் கை போச்சு. அதுதான் ஏமாந்துட்டேன்."

நான் முப்பது வருஷமாக நாவல் எழுதுகிறேன். மனிதன் எதை மறைக்கிறானோ அதைக் கையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதை ஒரு சமையற்காரம்மாளிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது. என் கதாநாயகி கைப்பையில் பிஸ்டலை வைத்துக்கொண்டு எட்டு அத்தியாயம் நடமாடினாள். அவள் கை ஒரு தடவைகூட அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. குறி பிசகியது சின்னத் தவறு. இது பெரிய தவறு.

சின்னத் தவறு, பெரிய தவறு என்று ஏன் பிரிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ்பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங்குக்கும் என்னைப்போலவே ஒரு கடிதம் வந்தது. 1953-இல் வந்த முதல் நாவலிலிருந்து பாண்டின் கையில் இருந்தது ஒரு சின்ன பெரெட்டா. 1956-இல் ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கிப் பிரியர், அது சீமாட்டிகள் வைத்துக்கொள்ளும் சாமான், உங்கள் ஆளுக்கு உதவாது என்று எழுதினார். ஃப்ளெமிங் பெருந்தன்மையுள்ளவர். 1958-இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு வால்தர் பி.பி.கே.யைக் கொடுத்தார். பிஸ்டலை மாற்றிக் கொடுக்கும் அதிகாரிக்கு மேஜர் பூத்ராய்டு என்றே பெயரும் வைத்தார். ஆனால் பூத்ராய்டு ஒரு ரிவால்வருக்காகச் சொன்ன தோலுறையைத் தூக்கி, அது பொருந்தாத பி.பி.கே.யின் தலையில் கட்டிவிட்டார்! ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொரு தவறு. அதனால் ஒரு வாசகராவது புஸ்தகத்தைக் கீழே வைத்தாரா? இல்லை. 1963-இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் விளம்பரங்களில் ஷான் கானரி கையில் பிடித்திருப்பது, காற்றடித்துச் சுடும் விளையாட்டுப் பிஸ்டல். போட்டோ எடுக்கும் அன்று சரியான பிஸ்டல் வந்து சேரவில்லை. போட்டோகிராபர் தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். உலகமே அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தது.

ஆகவே, 'தோட்டாவின் அளவு தப்பு, உறை தப்பு' என்று பட்டியல் போடும் விமர்சனத்தை நான் வரவேற்றாலும், அது முடிவான விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தகவல் பிசகினால் திருத்திவிடலாம். மனிதர்களைப் பற்றிப் பிசகினால் கதையே பிசகு.

அன்று ராத்திரி பெரியவர் வீட்டிலேயே தங்கினேன். வெளியே பனி இறங்கிவிட்டது. ஐந்து மூட்டைகளும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. தூக்கம் வரவில்லை. நம் தேசத்தில், நமக்குத் தெரிந்த சிறு துப்பாக்கிகள் எத்தனை தூரத்தில் பேசின என்று யோசித்துப் பார்த்தேன்.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். அமெரிக்க ராணுவம் பிரவுனிங்கின் கோல்ட்டை ஏற்றுக்கொண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொடைக்கானலிலிருந்த குழந்தைகளைப் பார்ப்பதற்காகத் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சிநாதன் பெட்டியை நெருங்கிச் சுட்டான். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டான். கையிலிருந்ததும் பிரவுனிங்தான், பெல்ஜியத்தில் செய்தது. சோதனைக் களத்தில் ஆறாயிரம் தோட்டா சுட்டுப் பார்த்தார்கள். மணியாச்சியில் தேவைப்பட்டது சில தோட்டாக்கள். சில அடி தூரம்.

1948 ஜனவரி 30, டில்லி பிர்லா மாளிகை. பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்திஜியின் வழியில் வந்து நின்றவன் கையில் இருந்தது பெரெட்டா 1934. என் மேஜையில் 660 கிராம் மூட்டை. மூன்று குண்டுகள். நடுவே கூப்பிய கையளவு தூரம்.

1967 ஜனவரி 12, சென்னை ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். வீட்டுக்குள், அவரோடு பேசிக்கொண்டிருந்த எம்.ஆர். ராதா சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய குரலாக இல்லை. அங்கேயும் ஒரு கூடத்துக்குள் அடங்கிய தூரம்தான்.

இந்த மூன்றுக்கும் உள்ள நியாய அநியாயங்கள் வேறு வேறு. வாஞ்சியையும் கோட்ஸேயையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. தூரத்தை மட்டும் பார்க்கிறேன். மூன்றும் மூன்று முழத் தூரம். அந்தத் தூரத்தில் குட்டிப் பிரவுனிங் என்ன, பெரிய கோல்ட் என்ன? பெரியவர் காலையில் வேடிக்கையாகச் சொன்னது இதுதான். மூன்று கஜத்தில் ஒரு அங்குலம்தான் விலகும். பிஸ்டல்களுக்குள் நாம் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் வித்தியாசங்கள் எல்லாம் அங்கே வந்ததும் சுருங்கிப்போகின்றன.

மறைத்து எடுத்துப் போகும் பிஸ்டல் தூரத்து ஆயுதமல்ல; பக்கத்து ஆயுதம். அதற்கு வேலை, நம்மைப் பக்கத்தில் வரவிட்டவரிடம்தான். ரயில் பெட்டிக் கதவு, பிரார்த்தனைக்குப் போகும் பாதை, வீட்டு நடுக்கூடம். இவ்வளவு அருகில் ஒருவன் எப்படி வந்தான்? வரும்போது முகம் எப்படி இருந்தது? எதிரில் இருந்தவர் ஏன் சந்தேகப்படவில்லை? துப்பறியும் நாவல் கேட்கவேண்டிய கேள்வி இது. நாமோ தூரத்தை நூறு கஜமாக்கி, கேள்வியையே தண்ணீரில் முக்கிவிடுகிறோம். நூறு கஜத்தில் இருப்பவனுக்கு முகம் கிடையாது. முகமில்லாதவனைச் சுடுவது சுலபம், எழுதுவதும் சுலபம்.

500 கிராம் மூட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 'நிர்பீக்' என்றால் பயமற்றவள். 2012-இல் டில்லியில் கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணின் நினைவை ஒட்டி, பெண்களுக்கென்று அந்தப் பெயரை வைத்தார்கள். 2014-இல் வந்தபோது விலை 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் இருந்தது. எடை குறைவு, பிடிப்பதற்கு வாகு என்று எத்தனையோ சொன்னார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். பலாத்கார வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டுக்காரன், சிநேகிதன். இருட்டில் பாய்ந்து வரும் முகமில்லாத வில்லனை உத்தேசித்து அந்த ரிவால்வரைச் சோதித்திருப்பார்கள். சாப்பாடு போட்ட கையால் யாரைச் சுடுவாள்? எந்த நிமிஷத்தில் அவனை எதிரி என்று தீர்மானிப்பாள்? அதற்கு எந்தச் சோதனைக் களத்திலும் காகித வட்டம் கிடையாது.

நம் துப்பறியும் இலக்கியத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு இவர்களைப் படித்துத்தான் தமிழ்நாடு நாவல் படிக்கவே கற்றுக்கொண்டது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடிக்கும் அழகுக்காகவே அவரைப் படித்தவர்கள் உண்டு. தேவனின் துப்பறியும் சாம்புவை நினைத்தால் துப்பாக்கி ஞாபகத்துக்கு வருவதில்லை. சாம்புவின் அசட்டுக் களைதான் வருகிறது. மூட்டைகளை வைத்துப் பார்த்தால் தேவன் எல்லோரையும் முந்திவிட்டார் என்றே சொல்வேன். அவர் ஆயுதத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்.

ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் இவர்களில் ஒருவருமல்ல, வ.வே.சு. ஐயர். வாஞ்சிக்குப் புதுச்சேரியில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பது பலரும் எழுதியிருக்கும் செய்தி. தமிழ்ச் சிறுகதைக்கு வழி போட்டவர் என்று நாம் கொண்டாடுவதும் அவரையே. சுடக் கற்றுக்கொடுத்த கை எழுதிய கதையில் துப்பாக்கி எப்படி வரும் என்று யாருக்கும் ஆவல் இருக்கும். 'குளத்தங்கரை அரசமர'த்தில் துப்பாக்கியே கிடையாது. ருக்மிணி என்ற பெண். அவள் பிறந்த வீடு நொடித்துப் போகிறது. மாமனார் மாமியார், பிள்ளைக்கு வேறு கல்யாணம் செய்ய ஏற்பாடு செய்கிறார்கள். புருஷன் நாகராஜன் நல்லவன்தான். கடைசி நிமிஷத்தில் கல்யாணத்தை உதறிவிட்டு எல்லோரையும் அசத்திவிடலாம் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டு, வெளியே சம்மதித்தவன்போல் நடிக்கிறான். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

நாகராஜன் மறைத்து வைத்திருந்தது பிஸ்டல் அல்ல; தன் மனசிலிருந்த நல்ல எண்ணம். மறைத்த இடம், அவளுக்கு மிக அருகில். அது வெடித்தபோது அவனுக்கே தெரியவில்லை. பிஸ்டலின் எடையும் வேகமும் ஐயருக்குத் தெரிந்திருந்தன. அதனாலேயேதானோ என்னவோ, கதை எழுத உட்கார்ந்தபோது அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மூன்று முழத் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பிஸ்டலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பிஸ்டலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காலையில் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் மூட்டைகளைப் பிரித்து மணலைத் தோட்டத்துப் பாதையில் கொட்டிக்கொண்டிருந்தார். "அப்போ நாம செஞ்ச சோதனை வீணா?" என்று கேட்டார்.

வீணல்ல. நியாயமான சோதனையின் பெருமையே அதுதான். அது எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்வதோடு, எதற்கு மேல் தனக்குத் தெரியாது என்பதையும் காட்டிவிடுகிறது. சீட்டுக் குலுக்கி, வெறும் ஜேபியையும் சேர்த்து, ஒன்றும் அறியாத அம்மாளை நீதிபதியாக வைக்காமலிருந்தால், அந்தக் கை விஷயம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. நாங்கள் இருவரும் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

தொடர்கதை புஸ்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். இப்போது வில்லன் கரையில் நிற்பதில்லை. அதே படகில், எதிர்ப் பலகையில், துடுப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிறு வயதில் அவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் அவன். இருவருக்கும் நடுவே மூன்று முழம். அவள் கை அடிக்கடி கைப்பையைத் தொடுகிறது. அவன் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் துடுப்புப் போடுகிறான். அவள் சுட்டாளா, இல்லையா என்பது புஸ்தகத்தில் இருக்கிறது.

ஏற்காட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தபால் கார்டு வந்தது. "புஸ்தகம் கிடைத்தது. இந்த முறை கணக்கில் பிழை ஒன்றும் தெரியவில்லை. தோட்டம் க்ஷேமம். ஆனால் அந்தப் படகு அத்தியாயத்தைப் படித்ததிலிருந்து, ஏரியில் யாரோடு படகில் ஏறினாலும் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பாராட்டுக் கடிதங்களில் இதை ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.